முத்தழகு எழுதிய சாமான் பட்டியல்

காரைக்குடி முத்தழகு எட்டாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் கோட்டைச்சாமிக்கு மலேசியாவில், கிள்ளானில் வேலை. 1967-இல் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது.

கப்பல் சீட்டு எடுத்துக் கொடுத்த தரகர், "புதுப் பாத்திரத்தையெல்லாம் தலகாணிக்குள்ள வச்சுத் தச்சுருங்க. சுங்கத்துல யாரு பிரிச்சுப் பாக்கப் போறாக?" என்றார்.

முத்தழகுக்கு அது பிடிக்கவில்லை. விதி என்னவென்று கணவருக்குக் கடிதம் எழுதினார். அவர் விசாரித்துப் பதில் போட்டார்: வீட்டில் புழங்கிய சாமானுக்குச் சுங்கத் தீர்வை இல்லை, புதிதாக எது இருந்தாலும் தனியே சொல்லிவிட வேண்டும்.

ஒரு வாரம் உட்கார்ந்து, எந்தப் பெட்டியில் எது என்று நோட்டில் எழுதினார். பிடி உடைந்த கரண்டியைக்கூட விடவில்லை. மாமியார் கொடுத்த வெண்டை விதையை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டார். "கோவிச்சுக்காதீக அத்தை, விதைய அங்க விடமாட்டாகளாம்."

கிள்ளான் துறைமுகத்தில் காலையில் அதிகாரி நோட்டைப் புரட்டினார். ஒரே ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

அடுத்து நின்ற சிங்கம்புணரி ராக்காயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆறு மூட்டை வைத்திருந்தார், பட்டியல் இல்லை. ஓரமாக நிற்கச் சொன்னார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கே ஞாபகமில்ல தாயி," என்று அழுதார்.

வெளியே கணவர் காத்திருப்பது தெரிந்தும் முத்தழகு தன் பெட்டிமேல் உட்கார்ந்தார். "ஒண்ணொண்ணாப் பிரிங்கக்கா, நான் எழுதுறேன்."

மூன்றாவது மூட்டையில் மடிப்புக் கலையாத இரண்டு பட்டுச் சேலைகள் இருந்தன.

"மகளுக்கு வாங்குனது. இதையும் எழுதணுமா?"

"எழுதிருவோம்க்கா. மறைச்சாத்தான் வம்பு."

அதிகாரி சேலைகளுக்கு மட்டும் தீர்வை போட்டு, மற்றதை விட்டுவிட்டார். அதைப் பார்த்து இன்னும் மூன்று குடும்பங்கள் மூட்டையோடு வந்து நின்றன. முத்தழகு வெளியே வரும்போது மணி நாலு.

கோட்டைச்சாமி பதறிப்போயிருந்தார். "பிடிச்சு வச்சுட்டாகளா?"

"இல்லைங்க, எழுதிக்கிட்டு இருந்தேன்."

அதன்பின் தேவகோட்டை, குன்றக்குடி என்று பல ஊர்களிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்தன. தையல் மிஷின் கொண்டு வரலாமா, ரேடியோவை விடுவார்களா என்று கேட்பார்கள். எழுபதுகள் முழுக்க ஒவ்வொன்றுக்கும் சுங்க அலுவலகம் வரை நடந்துபோய்க் கேட்டுவிட்டுத்தான் பதில் எழுதினார். அங்கேயும் தெளிவாகச் சொல்லாததை, தெரியவில்லை என்றே எழுதினார்.