மண்ணுக்கடியில் வலது, இடது

ரோட்டைத் தோண்டாமல் அடியிலேயே துளை போட்டுக் குழாய் கொண்டுபோகும் தொழில் எங்களுடையது. ஒழுங்காகச் செய்தால் நாங்கள் வந்துபோனதே யாருக்கும் தெரியாது.

இதே பாடு படுகிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். துளைக்கும் கம்பியின் முனை ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். சுற்றிக்கொண்டே தள்ளினால் நேராகப் போகும். சுற்றாமல் தள்ளினால் சாய்வு காட்டும் பக்கம் வளையும். அது எந்தப் பக்கம் என்று முனைக்குள் இருக்கும் கருவி சொல்லும். மேலே ரிசீவரோடு நடந்து அதைப் படிப்பவர் ஒட்டன்சத்திரத்துச் செல்வி. வாக்கி டாக்கியில் அவர் சொல்வதைக் கேட்டு மிஷினை ஓட்டுபவன் நான்.

நாகல் நகர்

பாறையில் பட்டு முனை இடதுபக்கம் ஒதுங்கியது. அங்கேதான் குடிதண்ணீர்க் குழாய். செல்வி உடனே நிறுத்தச் சொன்னார். கம்பியைப் பின்னுக்கு இழுத்து, சாய்வை வலப்பக்கம் திருப்பி, சுற்றாமல் தள்ளச் சொன்னார். சுற்றிலும் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அவர் ரிசீவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முனை குழாயை விட்டு விலகிய பிறகுதான் நிமிர்ந்தார். தரைக்குள் என்ன தங்கமா தேடுறீங்க என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டார்.

"நாளைக்கு உங்க வீட்டுல தண்ணி வரோணுமில்லீங்க, அதைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார் செல்வி.

பேகம்பூர்

பிரியாணிக் கடையை ஒட்டிய சந்து. அன்று அங்கே கல்யாண ஆர்டர். தரை அதிர்ந்தால் அடுப்பு சரியும் என்று கடைக்கார பாய் பயந்தார். சந்தின் சிமெண்ட் தளத்துக்குள் இருந்த இரும்புக்கம்பி ரிசீவரையும் குழப்பியது. செல்வி ஒரே இடத்தைப் பல பக்கமிருந்து அளந்து, கணக்கு ஒத்துவந்த பிறகே தள்ளச் சொன்னார். சந்தைக் கடந்து முனை அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. பாய் தயங்கித் தயங்கி வந்தார்.

"எப்பம்மா ஆரம்பிக்கப் போறீங்க? நான் தம் போடணும்."

குஜிலியம்பாறைப் பக்கம்

ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்த தெருவுக்கு முதல் தண்ணீர்க் குழாய். பாதி வழியில் கரும்பாறை. அந்தத் துளையைக் கைவிட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் புதுவழி பிரித்து, பாறையைச் சுற்றிக்கொண்டு போனோம். குடத்தோடு நின்ற பெண்கள், முனை வெளியே வருவதற்காகத் தோண்டியிருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் செல்வி சாய்வை மேலே திருப்பச் சொன்னார். குழியின் நடுவில் மண் விரிந்து முனை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து ஒரு பெண் சொன்னார்:

"கண்ணில்லாத கம்பி வழி கண்டுபிடிச்சு வந்துருச்சு, எங்க ஊரு பஸ்ஸுக்குத்தான் வழி தெரிய மாட்டேங்குது."

மொத்தத்தில், செல்வி சொன்ன பக்கம் மறுபேச்சில்லாமல் திருப்பியதுதான் இத்தனை வருஷத்தில் நான் காட்டிய சாமர்த்தியம்.