ரைஸ் குக்கரோடு கப்பல் ஏறிய மாமி

போன வருஷம் ஓகஸ்ட் மாதம், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் நடந்தது இது. அப்போது எனக்குக் கலியாணமாகி ஏழு மாதம்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கல்முனைக்குடிப் பொடியன். கம்பியூட்டர் டிகிரி முடித்துவிட்டு வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படி நான் போய்ச் சேர்ந்த இடம் அட்டாளைச்சேனை. புது மாப்பிள்ளைக்கு ராஜ மரியாதைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாமி மட்டும் என்னோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கோபம் ஒன்றுமில்லை, கூச்சம். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு என் மனைவியிடம் சொல்லுவார்.

“மருமகனுக்கு இன்னம் கொஞ்சம் சோறு வைக்கவா எண்டு கேளுகா புள்ள.”

நான் நாலடி தூரத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். “போதும் எண்டு செல்லு” என்று நானும் மனைவியைப் பார்த்தே சொல்லுவேன். அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு பேர் எடுக்க வேண்டும் என்ற ஆசையில்தான் கப்பல் யோசனை வந்தது. மூத்த மருமகன் ஏற்கெனவே மாமியை மக்காவுக்கு உம்ரா செய்ய அழைத்துப் போய்ப் பேர் வாங்கிவிட்டார். நான் வேறு லெவலில் ஏதாவது செய்தாக வேண்டுமே! நான்கு இரவுப் பயணம். நான், மனைவி, மாமி மூன்று பேர். மாமா வயல் வெட்டு நேரம் என்று வரவில்லை.

ஆயத்தமெல்லாம் நான்தான் செய்தேன். நன்றாகவே செய்தேன். சிங்கப்பூருக்கு எங்களுக்கு விசா தேவையில்லை என்றாலும், கப்பல் நடுவில் பினாங்கில் நிற்பதால் மலேசிய விசாவையும் முன்கூட்டியே எடுத்தேன். இது தெரியாமல் மாட்டுப்பட்டவர்கள் நிறையப் பேர். பெட்டிகளை ஏறுமிடத்திலேயே வாங்கிவிடுவார்கள், அறைக்கு வந்து சேரப் பின்னேரம் ஆகும் என்று படித்திருந்தேன். அதனால் மாமியின் சீனி வருத்தக் குளுசைகள், அதாவது நீரிழிவு மாத்திரைகள் முழுவதையும் அவரின் கைப்பைக்குள் வைக்கச் சொன்னேன். கப்பல் புறப்பட்டதும் போனை ஃப்ளைட் மோடில் போட வேண்டும், இல்லாவிட்டால் பில் வந்து ஆளைத் தின்றுவிடும் என்று மனைவிக்கு வகுப்பே எடுத்தேன். யாரும் கேட்டால் இப்போதும் இதையெல்லாம் சொல்லுவேன்.

ஆனால் பதிவு செய்யும் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. உணவில் ஏதாவது விசேஷத் தேவை உண்டா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு அவசரம். பிறகு பார்ப்போம் என்று அதைத் தாண்டிப் போய்ப் படிவத்தை அனுப்பினேன். பிறகு பார்க்கவே இல்லை.

மாமி ஒரு நாள் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டார். “கப்பல்ல ஹலால் சாப்பாடு கிடைக்குமாண்டு கேளுகா.”

“அதெல்லாம் அவங்களுக்குச் செல்லியாச்சு எண்டு செல்லு” என்றேன். கூசாமல் சொன்னேன்.

கப்பல் ஏறிய அன்று பின்னேரம், எங்களுடைய ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. பாதுகாப்புப் பகுதிக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. போய்ப் பார்த்தால், இரண்டு துவாய்களுக்குள் பக்குவமாகச் சுற்றி ஒரு ரைஸ் குக்கர்! பக்கத்தில் ஒரு பை அரிசி, ஒரு போத்தல் கருவாட்டுச் சம்பல். சூடாகும் மின்சாரச் சாமான் எதுவும் அறைக்குக் கொண்டுபோக முடியாது, தீப்பிடித்துவிடும் என்றார் அங்கே இருந்த பெண். நானும் விடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீசையெல்லாம் இறக்கினேன். அவர் சிரித்தபடியே சுவரிலிருந்த பட்டியலைக் காட்டினார். அதில் ரைஸ் குக்கருக்குப் படமே போட்டிருந்தது. இறங்கும்போது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன்.

அறைக்கு வந்து, மாமிக்குக் கேட்கத்தக்கதாக மனைவியிடம் சொன்னேன். “நெல்லுக் குத்துற மெஷின ஏன் உட்டுட்டு வந்தாங்க எண்டு கேளு.”

மனைவிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “சும்மா இரிங்க. நீங்க பசி பொறுக்க மாட்டீங்க எண்டுதான் அத தூக்கிட்டு வந்தாங்க.”

நான் மெல்லக் குளியலறைக்குள் நழுவினேன்.

இரவுச் சாப்பாட்டு மண்டபத்தைப் பார்த்தால் தலை சுற்றும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் சாப்பாடு. மாமி ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு துண்டு வத்தகப்பழத்தோடு (தர்ப்பூசணி) உட்கார்ந்தார். வயிறு நிறைந்துவிட்டது என்று மனைவி வழியாகச் சேதி வந்தது. மாமி எப்போதும் கொஞ்சம்தான் சாப்பிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஒரு பிளேட் மீன் பொரியலை முடித்தேன்.

விடிந்தபோது கடல் கொஞ்சம் எழும்பியிருந்தது. மனைவிக்கு ஒரே சத்தி, வாந்தி நிற்கவே இல்லை. (கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் குளுசையைக் கப்பல் புறப்பட முதலே போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. “உம்மாவத் தனிய உடாதீங்க, மேல காத்துப் பட கூட்டிப் போங்களன்” என்று என்னைத் துரத்தினாள். மாமி சாய்ந்தமருதில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கப்பல் ஆடியது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

மேல்தட்டில் ஒரு கதிரையில் மாமி, ஒன்று விட்டு அடுத்த கதிரையில் நான். கதைக்க ஒன்றுமில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தற்செயலாகத் திரும்பினால் மாமியின் நெற்றி முழுக்க வியர்வை. அந்தக் குளிர் காற்றில் வியர்வை! கைப்பையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

“மாமி, என்ன செய்யுது?”

பழக்க தோஷத்தில் அவர் மகளைத் தேடிப் பக்கத்தில் பார்த்தார். அங்கே யாருமில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

“மருமகன்... கண் இருட்டுது.”

ஏழு மாதத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. “சாப்பிட்டீங்களா மாமி?” என்று கேட்டேன். காலையில் குளுசை போட்டதாகவும், வெறும் தேத்தண்ணி மட்டும் குடித்ததாகவும் சொன்னார். ராத்திரியும் அந்த இரண்டு துண்டுப் பழம்தான்.

விளங்கிவிட்டது. நான் சொன்னபடி குளுசை கைப்பையில் பத்திரமாக இருந்தது. நேரத்துக்குப் போட்டிருக்கிறார். நான் சொல்லாமல் விட்ட சாப்பாடுதான் இல்லை.

எழும்பி ஓடினேன். மேசை துடைத்துக்கொண்டிருந்த இந்தோனேசியப் பணிப்பெண் ஒருவரிடம் “சுகர் லோ, சுகர் லோ” என்று கத்தினேன். அவர் துணியைப் போட்டுவிட்டு, மூடி உடைக்காத பழச்சாறு ஒன்றையும் கை நிறையச் சீனிப் பைக்கற்றுகளையும் எடுத்துக்கொண்டு, நான் காட்டிய பக்கம் எனக்கு முன்னால் ஓடினார். மாமிக்கு முன்னால் முழங்காலிட்டு, “அஸ்ஸலாமு அலைக்கும், இபு” என்றார். இபு என்றால் அவர்கள் மொழியில் அம்மா.

கண் இருட்டிய நிலையிலும் மாமி என்னைப் பார்த்துக் கேட்டார். “இதுக்குள்ள ஒண்டும் கலக்கல்லையே மருமகன்?”

“இல்ல மாமி. இன்னம் தொறக்கவே இல்ல, பாருங்க. குடிங்க.”

பிஸ்மி சொல்லிக் குடித்தார். சீனியையும் வாயில் போட்டார். அதற்குள் அந்தப் பெண் கப்பல் தாதியைக் கூப்பிட்டுவிட்டார். விரலில் குத்திப் பார்த்ததில் சீனி நன்றாகவே இறங்கியிருந்தது. கால் மணித்தியாலம் கழித்து மறுபடி பார்த்தார்கள், ஏறியிருந்தது. உடனே வயிற்றுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார் தாதி.

அந்தக் கால் மணித்தியாலம் எனக்கு ஒரு வருஷம். முகத்தில் தெளிவு வந்ததும் மாமி கேட்டார். “அவங்களுக்குச் செல்லியாச்சு எண்டீங்களே?”

கப்பல்காரர்கள் மறந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கையின் நடுக்கம் இன்னும் முழுதாக நிற்கவில்லை. பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்ல மாமி. நான் செல்லல்ல. ஃபோர்ம்ல கேட்டிருந்தாங்க, நான்தான் போடாம உட்டுட்டன். உங்கட்டயும் பொய்தான் செல்லியிருக்கன்.”

மாமி முக்காட்டைச் சரி செய்துகொண்டார். பிறகு, “சரி, இப்ப செல்லுங்களன்” என்றார். அவ்வளவுதான்.

சொன்னேன். அந்தப் பணிப்பெண் போய்ச் சமையல் பகுதிப் பொறுப்பாளரைக் கூட்டி வந்தார். அவரும் முஸ்லிம். முன்கூட்டியே அறிவித்திருந்தால் முதல் வேளையிலிருந்தே தனியாகச் சமைத்துத் தந்திருப்போமே என்று தலையில் கை வைத்தார். தனிச் சட்டியில், தானே நின்று பார்த்துச் செய்விப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சோறும் மீன் கறியும் கீரையும் ஆவி பறக்க வந்தன. மாமி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்து காவல் காத்தேன்.

கை கழுவிவிட்டு வந்து மாமி சொன்னதுதான் என்னை அசர வைத்தது.

“மருமகன், ராத்திரி நமக்குப் பின் மேசையில முக்காடு போட்ட புள்ளையளும் ரெண்டு சின்னனுகளும் இருந்திச்சுகள். அதுகளும் பழந்தான் திண்டதுகள். அவங்களுக்கும் செல்லணும்.”

ஒரு கையில் மீன் பொரியலோடு இருந்த என் கண்ணுக்கு அந்த மேசையே தெரியவில்லை. பட்டினியோடு இருந்தவர் பார்த்திருக்கிறார். தேடிப் பிடித்தோம். இராமநாதபுரத்துக் குடும்பம். கேட்கக் கூச்சப்பட்டு ரொட்டியும் பழமுமாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் என்னவோ கப்பல் அதிகாரி மாதிரி, அவர்களையும் சமையல் பொறுப்பாளரிடம் கூட்டிப்போய்ப் பதிந்துவிட்டேன். அடுத்த வேளையிலிருந்து இரண்டு மேசையும் ஒன்றாகிவிட்டது. வீட்டில் சீலைக்குப் பின்னால் நிற்கிற என் மாமி, அந்த மேசையின் நடுவில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு மீன் முள் எடுத்துக் கொடுத்தார். மனைவி எழும்பி வந்து பார்த்துவிட்டு, “நான் ஒரு நாள் படுத்ததுக்குள்ள என்ன நடந்திச்சு இஞ்ச?” என்றாள்.

ஊருக்கு வந்த மறுநாள் சொந்தக்காரர் எல்லாம் கூடிவிட்டார்கள். மாமி குக்கர் பிடிபட்ட கதையைச் சொல்லித் தன்னையே பகிடி பண்ணிச் சிரிக்க வைத்தார். மயங்கப் போன கதையை மட்டும் தொடவே இல்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டவர்களுக்கு, “நல்ல மீன் சோறு தந்தாங்க” என்று முடித்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார்கள். நான் ஆசைப்பட்ட பேர் அதுதான். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் நானே சொன்னேன்.

மூத்த மருமகன் விழுந்து விழுந்து சிரித்தார். “டிகிரி முடிச்ச ஆளுக்கு ஒரு கட்டத்துக்குள்ள புள்ளடி போடத் தெரியல்லையா மச்சான்?”

“தெரியல்லதான் மச்சான். நீங்க போற நேரம் செல்லுங்க, நான் போட்டுத் தாறன்” என்றேன். மாமிதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார்.

இப்போது ஊரில் யார் கப்பல் பயணம் என்றாலும் என்னிடம்தான் வருகிறார்கள். படிவத்தின் கடைசிப் பக்கத்தை என் கண் முன்னால் நிரப்ப வைத்து, கைப்பையில் ஒரு பெட்டி பேரீச்சம்பழமும் வைக்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். அப்படி ஒவ்வொருவரையும் அனுப்பும்போது, நடுக்கடலில் கண் இருட்டிய நேரம் மாமி நம்பிக் கூப்பிட்டது என்னை, அவருக்கு உண்மையைச் சொன்னதும் நான்தான் என்று நினைக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், டிகிரி வாங்கிய அன்றுகூட எனக்கு நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.