முனீர் அகமது விட்ட புரோகிராம்

வாணியம்பாடி முனீர் அகமதுவைப் போல நல்ல மனசுக்காரனைப் பார்க்க முடியாது. அவனைப் போல அவசரக்குடுக்கையையும் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் குடி கெடாமல் என்ன செய்யும்? அவன் குடி கெட்டிருந்தாலாவது பரவாயில்லை.

காலேஜ் நாளிலிருந்தே ஒடுகத்தூர் மதியழகன்தான் அவனுக்கு எல்லாம். இருவரும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டே, தோல் கம்பெனிகளுக்காக ஒரு புரோகிராம் எழுதினார்கள். ஒவ்வொரு தோலின் அளவையும் தரத்தையும் தட்டினால் போதும், எந்த ஆர்டருக்கு எதைக் கட்ட வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். ஆம்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று அதைக் கேட்டது. தங்களுக்கு மட்டும் கொடுத்தால் மதிக்கு நிரந்தர வேலை என்றார் மேனேஜர். அந்த வேலையை நம்பித்தான் ஹேமலதா வீட்டில் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள்.

முனீருக்கோ வேறு பைத்தியம் பிடித்திருந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம், யாரும் பூட்டி வைக்கக் கூடாது. இப்படி ஒரு லைசென்ஸ் உண்டென்று நெட் சென்டரில் படித்ததிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. "வக்ஃபு மாதிரிடா, ஒருதரம் குடுத்துட்டா ஊருக்கே சொந்தம்" என்பான். "மொதல்ல எனக்கொரு வாழ்க்கை அமையட்டும், அப்புறம் ஊரப் பாக்கலாம்" என்று மதி சிரிப்பான்.

2002ல் மதியின் அப்பாவை வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து மதி பேசினான். அந்த நேரத்தில் போய் முனீர் கேட்கிறான்:

"மேனேஜர் நாளைக்குக் கையெழுத்து கேக்குறாரு மதி. இன்னா சொல்ல? இல்ல, எல்லாருக்கும் விட்றலாமா?"

"ஐயோ, விட்டுடுடா! அப்பாவுக்கு மூச்சு வாங்குது, இப்ப அதுவா முக்கியம்?"

லைன் கட்டாகிவிட்டது. நண்பன் மனசு மாறிவிட்டான் என்று முனீருக்குக் கண் கலங்கியது. மதியின் பெயரை முதலில் போட்டு, தன் பெயரை அடுத்துப் போட்டு, அந்த லைசென்ஸோடு அன்றைக்கே நெட்டில் ஏற்றிவிட்டான். மறுநாள் மேனேஜரிடமும் பெருமையாகச் சொன்னான், மடையன்!

அப்பாவின் காரியம் முடிந்து, மொட்டைத் தலையோடு வந்து நின்றான் மதி.

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?"

"நீதானடா விட்டுடுன்னு சொன்ன?"

"அந்தப் பேச்ச விட்டுடுன்னேன்டா! பாவி, அந்தப் பேச்ச!"

"சரி, திருப்பி எடுத்துடு" என்றான் மதி. எங்கே எடுப்பது? நெட்டிலிருந்து நீக்கலாம். ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவர்கள் வைத்துக்கொள்ளலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம். லைசென்ஸே அதற்குத்தானே! அப்படி எடுத்துக்கொண்டவர்களில் அந்த ஆம்பூர் கம்பெனியும் ஒன்று. முனீர் ஓடிப்போய் மேனேஜர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "சும்மா கிடைக்கறதுக்கு ஆள் எதுக்கு தம்பி?" என்று அவர் ஃபேனைக் கூட்டி வைத்தார். ஹேமலதாவை அரக்கோணத்தில் ரயில்வேக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மதி சென்டருக்கு வருவதை நிறுத்தினான், போனையும் எடுக்கவில்லை.

புரோகிராம் என்னவோ நன்றாகத்தான் பரவியது. சின்னச் சின்ன தோல்ஷெட்காரர்கள் முனீரின் கையைப் பிடித்துத் துவா செய்தார்கள். ஒவ்வொரு முறையும் அவனுக்குச் சோறு இறங்காது. பல வருஷம் இந்தக் கூத்தைப் பார்த்த மனைவி வஜீதா, "நேர்ல போய் அவர் கால்லயாவது விழுங்க" என்று பஸ் ஏற்றி அனுப்பினாள்.

ஒடுகத்தூரில் மதி ஒரு உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். 'ரெண்டு அறை அறையட்டும், கெட்ட வார்த்தையில் திட்டட்டும்' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனான் முனீர்.

மதி நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் கோபமே இல்லை.

"வாங்க பாய். இன்னா வேணும்?"

"மதி, நான்டா... முனீரு."

"தெரியுது பாய். உக்காருங்க, டீ சொல்றேன்."

டீ வந்தது. முனீர் அழுதுகொண்டே குடித்தான். அதற்குள் இன்னொரு ஆள் வந்து யூரியா கேட்க, மதி மூட்டை எடுக்க உள்ளே போய்விட்டான்.