செவலைக்குத் தைத்த கழுத்துப்பட்டை

எனக்கு வயது எண்பத்து மூன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு பேருடைய சட்டை, பாவாடை எல்லாம் என் கைத்தையல்தான். எழுத்துதான் வராது, கையெழுத்து மட்டும் போடுவேன். அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். அவசரப்படுத்தக் கூடாது என்று அவளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடிக்க வருவதற்கு முன்னால் நடந்தது இது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையோரம் மாடு வைத்துப் பால் வியாபாரம் செய்துவந்தோம். கொட்டகையில் ஒரு பெண் நாய். நிறத்தை வைத்துச் செவலை என்று கூப்பிடுவோம். அப்போது அது குட்டி போட்டிருந்தது. இன்னும் கண் திறக்காத குட்டிகள், வைக்கோலுக்குள் முனகிக்கொண்டு கிடக்கும்.

அந்தச் சமயம் ஊரில் வெறிநாய்க்கடி பயம். கழுத்தில் பட்டையும் முனிசிபாலிட்டித் தகடும் இல்லாத நாயைக் கண்ட இடத்தில் சுடுவார்கள். நாங்கள் முறையாகத் தகடு வாங்கிக் கயிற்றில் கோத்துத்தான் கட்டியிருந்தோம். ஒரு நாள் காலையில் கொட்டகையைக் கூட்டுகிறேன், தகடு சாணியில் கிடக்கிறது. செவலை கயிற்றை உருவிக் கடித்துத் துண்டு துண்டாகப் போட்டிருந்தது.

தகட்டைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே முச்சந்திப் பக்கம் வெடிச்சத்தம். பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார், கையில் பழைய தோல் வார்.

"இந்தா, இத மாட்டிவிடு. நாய் சுடுற வண்டி வந்திருச்சு. அங்க ரெண்டு நாய் செத்துக் கெடக்கு."

"தோல் வேணாம்கா. வீட்டுல வெரதம்."

"வெரதம் ஒம் புருஷனுக்கா, நாய்க்கா?"

என் மூத்த மகன் காய்ச்சலிலிருந்து பிழைத்தால் காவடி எடுக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டிருந்தார். பையன் பிழைத்தான். தைப்பூசம் முடிகிறவரை எங்கள் எல்லைக்குள் தோல் வரக் கூடாது, நாய் வீட்டுக்குள் ஏறக் கூடாது என்பது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அவரோ பால் ஊற்றப் போயிருந்தார், கேட்க ஆளில்லை. பிள்ளையின் உயிருக்காக வேண்டிக்கொண்டதை நான் மீற மாட்டேன். கொட்டகைக்குக் கதவும் கிடையாது. செவலை போய்விட்டால் அந்தக் குட்டிகளுக்கும் பால் கிடையாது.

மாவு வந்த துணிச்சாக்கில் ஒரு நீளத் துண்டைக் கிழித்து நாலாக மடித்தேன். சாக்குத் தைக்கிற கோணூசியை எடுத்து, நூலை மெழுகில் உருவி, முதலில் தகட்டை இறுக்கித் தைத்தேன். மாட்டக் கொக்கி இல்லை. முடிச்சுப் போட்டால் உருவிக்கொள்ளும். கழுத்தில் சுற்றி அங்கேயே தைத்து மூடினால்தான் உண்டு.

செவலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பட்டைக்கும் அதன் தொண்டைக்கும் நடுவே என் இடது கை விரலைக் கொடுத்தேன். ஊசி தவறினால் என்னைக் குத்தட்டும் என்றுதான். குத்தவும் செய்தது. அக்கா நாயின் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"சீக்கிரம்டி! ஊசிய ஓட்டு!"

"ஓட்டுத்தையல் போட்டா இழுத்ததும் தெறிக்கும். நீங்க தலைய நல்லாப் பிடிங்க."

அடுத்த வெடி மிகப் பக்கத்தில் கேட்டது. செவலையின் தொண்டை என் விரல்மேல் படபடவென்று அடித்துக்கொண்டது. ரத்தம் பட்டு நூல் வழுக்கியது. கடைசித் தையலை இறுக்கி நூலைப் பல்லால் கடிக்கவும், வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

துப்பாக்கியோடு தொப்பி போட்ட ஒருவர். வண்டி தள்ளி வந்தவர் தமிழாள். துப்பாக்கியைக் கண்டதும் செவலை அக்காவின் கையை உதறிவிட்டுச் சாலைக்குப் பாய்ந்தது. தொப்பிக்காரர் துப்பாக்கியைத் தூக்கினார். பாய்ந்த நாய் இரண்டடி போவதற்குள் வெடுக்கென்று நின்றது. அதன் பின்னாலேயே நானும் முழங்காலில் விழுந்தேன். குனிந்து தைத்த அவசரத்தில் என் நீலச் சேலையின் முந்தானை நுனியையும் பட்டையோடு சேர்த்துத் தைத்திருக்கிறேன்!

ஒரு கையால் சேலையை மார்போடு பிடித்துக்கொண்டு, மறு கையால் நாயைக் கட்டிக்கொண்டேன். துப்பாக்கி எங்கள் இருவரையும் பார்த்தபடி இருந்தது. வண்டிக்காரர் கிட்டே வந்தார்.

"என்ன தங்கச்சி, நீ நாயக் கட்டிருக்கியா, நாய் ஒன்னையக் கட்டிருக்கா?"

"தகடு இருக்கு, பாருங்கண்ணே."

"துணில தச்சிருக்கியே. இழுத்தா கையோட வந்துரும்லா."

"இழுங்க."

இழுத்தார். செவலைக்குத் தொண்டை கரகரத்தது. காலை ஊன்றி இன்னொரு தரம் இழுத்தார். ஒரு தையல்கூடத் தெறிக்கவில்லை. அவர் தொப்பிக்காரரிடம் மலாயில் ஏதோ சொன்னார். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

"அடுத்த தடவ ஒனக்கும் ஒரு தகடு வாங்கிக்கோ," என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தள்ளினார்.

அக்கா கத்தரியோடு வந்து பட்டையில் வைக்கப் போனார்.

"அத வெட்டாதீங்க. சேலைய வெட்டுங்க," என்றேன்.

பொழுது ஏறி என் வீட்டுக்காரர் வந்தார். நீலத்துணி தொங்குகிற நாயின் கழுத்தைப் பார்த்தார், நுனி போன என் சேலையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"தோல் இல்ல," என்றேன். செவலை கொட்டகைக்குள் போய்க் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது.

"எழுதிட்டியாம்மா? எங்க, மொதல்லேருந்து வாசி. அந்த மனுஷன் இழுத்துப் பார்த்த எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி."