சூசைராஜ் வாங்கிய பெரிய கார்டு

சூசைராஜ் பதினெட்டு வருடம் லாரி ஓட்டினவர். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போய் வருவார். நாற்பத்திரண்டாவது வயதில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்கு வலிப்பு வந்தது. லாரி ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றதால் உயிர் தப்பினார். மாத்திரை எழுதிக் கொடுத்த மதுரை டாக்டர், "இனி வண்டியத் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகுதான் நாகல் நகர் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மேசையில் ஸ்டியரிங், காலடியில் பெடல், திரையில் லாரி ஓட்டும் கேம். மனைவி புஷ்பமேரி பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போனதும் இவர் மலைப்பாதை ஏறிவிடுவார். மூன்று வருடம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் படத்தைத் திரையில் ஓட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டு திணறியது. கேமில் நிழல்களையெல்லாம் அணைத்து வைத்தும்கூட, வளைவுகளில் படம் நின்று நின்றுதான் நகர்ந்தது.

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பேகம்பூரில் சைதூன் வைத்திருந்த கடைக்குப் போனார்.

"இதே மாதிரி இன்னொரு கார்டு வாங்கிப் பக்கத்துல சொருகிட்டா என்னம்மா?"

"அதெல்லாம் அந்தக் காலம்ண்ணே. இப்ப உள்ள கேமெல்லாம் ரெண்டு கார்டச் சட்டை பண்றதே இல்ல. சூடுதான் மிச்சம். ஒரே கார்டா மாத்திருங்க. ஒரு திரைக்கு இந்தச் சின்னதே தாராளம். மூணு திரை வைக்கணும்னாத்தான் பெருசு வேணும். பவர் சப்ளையையும் சேத்து மாத்தணும்."

மூன்று திரை. நடுவில் முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் சன்னல். டிரைவர் சீட்டேதான். அவர் பெரிய கார்டைக் கையால் காட்டினார்.

சைதூன் அதை மாட்டி, சோதித்துப் பார்க்க அவருடைய கேமைத் திறந்தாள். முதலில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அவர் எப்போதும் தட்டித் தாண்டிவிடுவது. அவள் நிதானமாகப் படித்தாள்.

"வெளிச்சம் வெட்டி வெட்டி அடிச்சா சில பேருக்கு வலிப்பு வரும்னு போட்டிருக்குண்ணே. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?"

"எல்லாருக்கும் போடுறதுதானம்மா" என்றார். சொல்லும்போதே இடது கட்டைவிரல் வெடுக்கென்று துடித்தது. கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு, புதிதாக வாங்கிய இரண்டையும் சேர்த்து மூன்று திரையும் ஒளிர்ந்தன. பாதை தண்ணீர் போல வழுக்கிக்கொண்டு ஓடியது. நிழல்களைத் திறந்துவிட்டார். சாலையின் இரு பக்கமும் வரிசையாக மரங்கள். சாய்ந்த வெயில் அவற்றின் இடையே புகுந்து, வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறி முகத்தில் அறைந்தது. வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. எங்கோ ரப்பர் கருகும் வாடை. லாரி மரத்தில் மோதிய அன்றும் முதலில் இதே வாடைதான் வந்தது. அப்போதே திரையை அணைத்திருந்தால் தப்பியிருக்கலாம். இந்த ஒரு வளைவு தாண்டட்டும் என்று நினைத்தார்.

பள்ளி விட்டு வந்த புஷ்பமேரி அவரைத் தரையில் கண்டாள். நாக்கு கடிபட்டு வாயோரம் ரத்தம். திரைகளில் மரங்கள் அசையாமல் நின்றன.

நினைவு திரும்பியதும் கேட்டாள். "முன்னாடியே ஏதும் தெரிஞ்சுச்சாங்க?"

"ரெண்டு மாசமா விரல் துடிக்குது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இதையும் புடுங்கிருவீங்களே."

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சூசைராஜ் கார்டைத் தானே கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்தார். "எங்கிட்டயாவது உண்மையச் சொல்லியிருக்கலாம்லண்ணே" என்றாள் சைதூன்.

ஒன்பதாம் நாள் காலை மறுபடி வந்தது. திரையும் இல்லை, வெட்டி அடிக்கும் வெளிச்சமும் இல்லை. செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார்.

அன்றைக்கே புஷ்பமேரி ஸ்குரூ டிரைவரை எடுத்து, அவர் உள்ளே விழுந்து கிடந்தாலும் திறக்கும்படி, குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டாள்.