ஏலப்பூ வைத்த புதுநன்மைக் கேக்

மூணாறுப் பக்கத்து ஹோட்டல் கிச்சனில் எனக்கு இருந்த ஒரே வேலை கார்னிஷ். மற்றவர்கள் சமைப்பார்கள், நான் அதன் தலையில் எதையாவது செருகுவேன். ஜூஸ் கிளாஸ் விளிம்பில் ஆரஞ்சு வட்டம், புடிங் மேல் காரமெல் வலை, கேக் மேல் பூ. “சமைக்கத் தெரியாதவனுக்குக் கடவுள் குடுத்த பொழைப்புடா இது” என்பார் எங்கள் செஃப். உண்மைதான். என் மனைவி இன்றும் என்னைக் குழம்புப் பக்கம் அண்டவிடுவதில்லை.

ரிட்டயர் ஆனபின் கம்பம்மெட்டில், வீட்டிலேயே அதே வேலை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் ரெசிபி கேட்கிறார்கள். அதெல்லாம் போனிலேயே கிடைக்கும். போனில் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

1. பூ

மரியபுஷ்பம் எங்களுக்கு அடுத்த சரிவில் சின்ன ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவள். மகள் ஜெனிஃபருக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். சனிக்கிழமை காலை கேக் ஆர்டரோடு ஒரு கிண்ணம் ஏலப்பூவையும் பறித்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணே, கேக் மேல எங்க தோட்டத்துப் பூதான் இருக்கணும்.”

“பூவையே பறிச்சுட்டா காய்க்கு எங்க போவ?”

“எம்மக கேக்குல காய்க்கட்டும்ணே.”

ஏலப்பூ சின்னது. வெள்ளை உதட்டில் ஊதாக் கோடு ஓடும். முட்டை வெள்ளையை லேசாக அடித்து, பிரஷ்ஷால் இதழின் இரண்டு பக்கமும் தடவி, பொடித்த சர்க்கரை தூவி, கம்பித்தட்டில் காயவைத்தால் பனி விழுந்து உறைந்தது போல் இருக்கும். தண்ணீரில் கழுவினால் கசங்கிவிடும். அதனால் யாரும் கழுவுவதில்லை, நானும் கழுவவில்லை. மோந்தாவது பார்த்திருக்கலாம். ஆனால் என் மூக்கு வெனிலா எசன்ஸில் ஊறி, பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆகிறது.

ஞாயிறு காலை கேக்கைக் கொண்டுபோய் அவள் வீட்டில் வைத்தேன். பூசை முடிந்து வந்து வெட்டுவதாக ஏற்பாடு. ஜூஸுக்கான ஆரஞ்சு வட்டங்களை எடுக்க வீட்டுக்குத் திரும்பினேன்.

2. தட்டு

பண்டம் காயும் மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது வழக்கம். முந்தின நாள் தண்ணீர் ஊற்ற மறந்திருந்தேன். ஆரஞ்சுத் தட்டு முழுக்கக் கருகருவென்று எறும்பு. என்னையே திட்டிக்கொண்டு பக்கத்தில், மிச்சப் பூக்கள் இருந்த தட்டைப் பார்த்தேன்.

அதிலும் எறும்புகள் இருந்தன. ஒவ்வொரு பூவைச் சுற்றியும் வட்டமாக, தலை பூவைப் பார்த்தபடி. ஒன்றும் அசையவில்லை. வந்த வரிசை கலையாமல், வரிசையாகவே கிடந்தன. லேசாக ஊதினேன். உமி மாதிரிப் பறந்தன.

நம் கைப்பக்குவத்துக்கு இவ்வளவு வீரியமா என்றுதான் முதலில் தோன்றியது. சிரிப்பு வாய்வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

போன் போட்டேன். “மரியா, கேக்கைத் தொடாதீங்க. பூவுல என்னமோ இருக்கு.”

“போன கிறிஸ்மஸுக்குக் கேக்குக்குள்ள பல்லி விழுந்துருச்சுன்னு ஏமாத்துன வாய்தானண்ணே இது? எல்லாரும் வந்துட்டாங்க. வைங்க போனை.”

3. ஓட்டம்

பகல்தான், ஆனால் மஞ்சு இறங்கி மலையே பனிமூட்டமாகிவிட்டது. என் உடம்பு ஓடுவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. ஆனாலும் ஓடினேன்.

முற்றத்தில் கேக்கைச் சுற்றிப் புதுநன்மைப் பிள்ளைகள் நின்றார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளை நெட். மஞ்சுக்குள் முகம் தெரியவில்லை; வெள்ளை மட்டும் தெரிந்தது. ஒரு நொடி, என் தட்டிலிருந்த பூக்கள்தான் எழுந்து வந்து நிற்கின்றன என்று நினைத்தேன்.

“வெட்டாதீங்க! அதுல விஷம் இருக்கு!”

எல்லோரும் கைகொட்டிச் சிரித்தார்கள். “இன்னைக்குப் பல்லி இல்லையாம்டி, விஷமாம்” என்றாள் மரியபுஷ்பம். இவ்வளவு வருஷம் ஊரைச் சிரிக்க வைத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி.

வேறு வழி தெரியவில்லை. கேக்கைப் பலகையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “மாமா, கேக்கு! மாமா, கேக்கு!” பின்னால், இடப்பக்கம், பிறகு எனக்கு முன்னாலும் சிரிப்பு. ஆளே தெரியவில்லை. மஞ்சிலிருந்து சின்னச் சின்னக் கைகள் மட்டும் நீண்டு கேக்கைத் தடவின. கம்போஸ்ட் குழி வந்ததும் கேக்கை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினேன்.

ஜெனிஃபர் நின்றுகொண்டிருந்தாள். விரல் நுனியில் ஒரு பூ. உதட்டுக்கு அருகில்.

நான் கத்தினேன். அந்தக் குரல் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. பூ கீழே விழுந்தது. எல்லாச் சிரிப்பும் ஒரே நேரத்தில் நின்றது.

“மாமா… நான் திங்கல.”

யாராவது வாயில் போட்டார்களா என்று ஒவ்வொரு பிள்ளையின் கையையும் விரித்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். இல்லை. அதற்குள் மரியபுஷ்பம் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்த்தவள் கையை இறக்கினாள்.

“நீங்க சிரிக்கலையேண்ணே.”

எறும்புகளைப் பற்றிச் சொன்னேன். அவள் பூ பறித்த இடத்துக்கு நடந்தாள்; நானும் பின்னால் போனேன். ஏலச்செடியின் பூச்சரம் தரையோடு தரையாகப் படரும். பூக்கும் மாதத்தில் தேனீ இரைச்சல் வீட்டு அடுக்களை வரை கேட்கும். நின்று கேட்டோம். இலையிலிருந்து மஞ்சு நீர் சொட்டுவது மட்டும் கேட்டது. அவள் குனிந்து சருகை விலக்கினாள். அடியில் தேனீக்கள், கால்களை மடக்கிக்கொண்டு, கொட்டிக் கிடந்தன.

“வெள்ளிக்கிழமை மேல தோட்டத்துல மருந்தடிச்சாங்க” என்றாள் மெல்ல. “காத்து இங்கிட்டுத்தான் அடிச்சுச்சு. நம்ம தோட்டத்துல அடிக்கலையேன்னு இருந்துட்டேன்ணே.”

நானும் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

இதுதான் நான் கற்றது. பூ வாங்கப் போனால் பூவைப் பார்க்காதீர்கள். செடியருகே நின்று காது கொடுங்கள். போன மாதம் அப்படிக் காதை நீட்டிக் கேட்கப் போய் ஒரு தேனீ என் காது மடலில் நன்றாகக் கொட்டியது. அப்பளம் மாதிரி வீங்கிய காதோடு, கூடை நிறையப் பூப் பறித்துக்கொண்டு, பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.