பிராட்ஹாம் காட்டைச் சுத்தம் செய்தது

1987 அக்டோபர் 16, வெள்ளி: புயல்.
நவம்பர் 21: மரம் அறுப்பவர்களுக்கு முன்பணம், 400 பவுண்டு.
டிசம்பர் 14 முதல் ஜனவரி 29 வரை: இழுவை இயந்திர வாடகை, 1,150 பவுண்டு.
1988 மார்ச் 5: நாற்றுகள், முளைக்குச்சிகள், பிளாஸ்டிக் குழாய்கள், 930 பவுண்டு.
ஏப்ரல் 18: சரளைப் பாதை, 275 பவுண்டு.
மே 8: சக்கர நாற்காலி வாடகை, ஒரு நாளைக்கு, 2 பவுண்டு.

கடைசித் தொகையை மட்டும் கிளிஃபர்ட் ஓக்கெண்டன் தன் பையிலிருந்து கொடுத்தார். மற்றவை ஊர்க் குழுவின் பணமும் அரசு தந்த உதவித்தொகையும். குழுவுக்கு அவர்தான் செயலாளர். ரயில்வேயில் சரக்குக் குமாஸ்தாவாக முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெண்ட் மாவட்டத்தில் சுத்தமான ஊருக்கான போட்டியில் பிராட்ஹாம் இரண்டு முறை ஜெயித்ததற்கு அவர்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் மறுக்கவில்லை. தேவாலயச் சுவரின் பாசியைச் சுரண்டியவர், பேருந்து நிறுத்தத்துக்குச் சாயம் அடித்தவர், குளத்தங்கரைப் புல்லை நூல் பிடித்து வெட்டியவர் அவர்.

அவர் மனைவி மேவிஸுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். இன்னும் இரண்டு வசந்தம் பார்த்தால் பெரிது என்று மருத்துவர் கிளிஃபர்டைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்கு முந்திய வருடத்திலிருந்து ஒவ்வொரு மே மாதமும் இரண்டாவது ஞாயிறு இருவரும் காட்டுக்குப் போவார்கள். நடுக்காட்டில் ஒரு பெரிய லிண்டன் மரம். அதன் கீழே நீலமணிப் பூக்கள் தண்ணீர் தேங்கியதுபோலக் கிடக்கும். முட்டை சாண்ட்விச், குடுவையில் தேநீர், பேச்சு அதிகம் கிடையாது. பிள்ளை இல்லாத அந்த இருவருக்கும் வருடத்தில் பண்டிகை என்று இருந்தது அது ஒன்றுதான்.

புயல் ஒரே இரவில் காட்டில் பாதியைச் சாய்த்தது. மறுநாள் கிளிஃபர்டால் காட்டு வாசலைத் தாண்டி இருபது அடிகூடப் போக முடியவில்லை. வீட்டுக்கு வந்து மேவிஸிடம், மே மாதத்துக்குள் வழி செய்கிறேன், லிண்டன்வரை உன்னை நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன் என்றார். செய்தால் நல்லதுதான் என்று அவள் சொன்னாள். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த ஒரு வாக்குக்காக.

குழு கூடியது. விழுந்த மரங்களை அகற்றுவது, குப்பையை எரிப்பது, புதிதாக நடுவது என்று முடிவாயிற்று. மார்ச் முடிவதற்குள் வேலை நடந்தால்தான் உதவித்தொகை. காட்டின் பெரும்பகுதி பண்ணைக்குச் சொந்தம், பண்ணைக்காரர் சம்மதித்தார். வடக்கே எல்லைப் பள்ளத்துக்கு அப்பால் இருந்த ஒன்பது ஏக்கர் மட்டும் மிஸ் ஹெஸ்டர் கோல்டப்புடையது. நாயும் அவளுமாக ஒழுகுகிற வீட்டில் இருந்த கிழவி. மரத்தின் மேல் அவளுக்குப் பிரியம் இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. பணத்தின் மேல் இருந்தது. கூட்டத்தில் எழுந்து, "என் மரம் விழுந்தா என் மண்ணுலதான் விழுந்திருக்கு. அது கிடந்துட்டுப் போகட்டும். ஒரு பென்னி தரமாட்டேன்" என்றாள்.

"ஊரே சுத்தமாகும்போது உங்க பக்கம் மட்டும் குப்பையா கிடந்தா நல்லாவா இருக்கும், மிஸ் கோல்டப்?" என்றார் கிளிஃபர்ட்.

"உங்களுக்கு ஒரு துடைப்பமும் ஒரு வானமும் குடுத்தா மேகத்தைக்கூடப் பெருக்கிருவீங்க, ஓக்கெண்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. அன்று மாலையே மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதினார். கோல்டப்பின் பகுதி வழியே பொதுப்பாதை போகிறது. சாய்ந்தும் தொங்கியும் நிற்கிற மரங்களால் நடப்பவர்களுக்கு ஆபத்து. வெறும் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது என்று அடுத்த வாரம் பள்ளத்தைத் தாண்டிப் போய் மரம் மரமாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சாய்வும் தூரமும் குறித்து, மையில் வரைபடம் வரைந்து அனுப்பினார். பிறகு வேலை மும்முரத்தில் அதை மறந்துபோனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க மழை. இயந்திரம் ஓட்டிய பூர்மன் கிறிஸ்துமஸுக்கு முன்பே சொன்னான். "மண்ணு ஊறிப்போய் கஞ்சியா கிடக்கு சார். இப்ப இறக்குனா சக்கரம் அச்சுவரைக்கும் பதியும். காயட்டுமே."

மார்ச் காத்திருக்காது என்றார் கிளிஃபர்ட். வாக்கு கொடுத்த மே மாதமும் அவர் மனதில் இருந்தது. இயந்திரம் இறங்கியது. தடம் முழங்கால் ஆழம் விழுந்தது. அதில் பழுப்புத் தண்ணீர் நின்றது. கிளைகளைக் குவித்து எரித்த இடமெல்லாம் வண்டி அளவுக்குக் கருகி வட்டமாயிற்று.

லிண்டன் ஒருபக்கமாகப் படுத்திருந்தது. பாதி வேர் மண்ணுக்குள்ளேயே இருந்தது, மொட்டுகளும் சிவந்து இருந்தன. இதை விட்டுவிடலாமா என்று பூர்மன் கேட்டான். பாதை அங்கேதான் முடிய வேண்டும், நாற்காலி திரும்ப இடம் வேண்டும் என்று கிளிஃபர்ட் அறுக்கச் சொன்னார். அடிமரம் அறுபட்டதும் அதுவரை நிமிர்ந்து நின்ற வேர்த்தட்டு, பாரம் போனதால் தானாகவே பின்னால் சாய்ந்து, வந்த குழியிலேயே பொத்தென்று போய் உட்கார்ந்தது. மரமே நின்றிருக்காத இடம்போல ஆயிற்று. பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது.

மே 8, இரண்டாவது ஞாயிறு. நல்ல வெயில். சரளைப் பாதையில் நாற்காலி தடங்கலில்லாமல் உருண்டது. இருபுறமும் நாற்றுகளைப் பொதிந்த பிளாஸ்டிக் குழாய்கள் வெள்ளை வெள்ளையாக வரிசைகட்டி நின்றன. நடுவே சேறு காய்ந்து வெடித்திருந்தது. நெருஞ்சில் மாதிரி ஏதோ களை முளைத்திருந்தது. பூ இல்லை. ஒன்றிரண்டு இருந்ததும் இயந்திரத் தடத்தின் விளிம்பில் வெளிறிப்போய்ச் சாய்ந்திருந்தன.

மேவிஸ் இருபுறமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "போர்ல செத்தவங்க கல்லறை மாதிரி இருக்கு, கிளிஃப். பேரு மட்டும்தான் எழுதல" என்றாள்.

பூ அடுத்த வருடம் வந்துவிடும், அதன் கிழங்கு மண்ணுக்குள் இருக்கும் என்று அவர் சொன்னார். அவள் அதைக் கேட்கவில்லை. வடக்கே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளத்துக்கு அப்பால் கோல்டப்பின் பகுதியில் லிண்டன்கள் விழுந்தது விழுந்தபடியே கிடந்தன. படுத்திருந்த அடிமரங்களிலிருந்து இளம் இலைகள் நேராக மேலே கிளம்பியிருந்தன. அவற்றுக்கு இடையில் கண்ணுக்கு எட்டியவரை நீலம்.

"அங்க கூட்டிட்டுப் போ."

"நாற்காலி பள்ளம் தாண்டாது, மேவிஸ்."

"தூக்கிட்டுப் போ. முன்னாடி தூக்கியிருக்கியே."

"பொதுப்பாதையை விட்டு இறங்கினா அது அந்தம்மா நிலம். கேக்காம எப்படிப் போறது?"

"படம் வரையப் போனப்ப கேட்டுட்டா போன?"

அவர் முகம் மாறியதை அவள் பார்க்கவில்லை. படம் என்று அவள் சொன்னது மேசையில் கண்டதை வைத்துத்தான். அது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. இந்த வாரமே அனுமதி கேட்கிறேன், அடுத்த ஞாயிறு பூர்மனையும் கூட்டிக்கொண்டு தூக்கிப் போகிறேன் என்றார். அடுத்த ஞாயிறு மேவிஸ் மருத்துவமனையில் மூக்கில் குழாயோடு இருந்தாள். வீட்டுக்கு வந்தபோது ஜூன் பிறந்துவிட்டது, பூ முடிந்துவிட்டது.

ஆனாலும் வரும் வருடத்துக்காவது இருக்கட்டும் என்று அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி மிஸ் கோல்டப்பின் கதவைத் தட்டினார். விஷயத்தைக் கேட்ட கிழவி, வரட்டும், நானா வேண்டாம் என்கிறேன், உங்கள் மனைவியை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும் என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"வரதுக்குத்தான் ஒண்ணும் இருக்காது போலிருக்கு. இதைப் பாருங்க. ஆபத்தான மரமாம். நான் வெட்டணும், இல்லைன்னா அவங்களே வந்து வெட்டிட்டு எனக்குச் செலவு எழுதுவாங்களாம். கூட ஒரு படம். முப்பத்தேழு மரம், முப்பத்தேழு நம்பர். எவ்வளவு அழகான கையெழுத்து."

அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கத்தவில்லை. நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று இரவு சாப்பாட்டில் மேவிஸிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முள்கரண்டியைக் கீழே வைத்து மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"நீ எழுதினா அதுல தப்பு கண்டுபிடிக்க ஆளு கிடையாதே, கிளிஃப்." பிறகு, "அப்ப வேண்டாம்னு எழுது. அதே மாதிரி நல்லா எழுது" என்றாள்.

எழுதினார். புகாரைத் திரும்பப் பெறுகிறேன், மரங்கள் உயிரோடு இருக்கின்றன, பாதையைப் பத்து கஜம் தள்ளிப் போட்டால் போதும் என்று எழுதினார். பாதுகாப்பு சம்பந்தமான புகாரைக் கொடுத்தவரே கேட்டாலும் எடுத்துவிட முடியாது, பரிசீலிக்க வேண்டும் என்று பதில் வந்தது. ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று கேட்டார். அனுப்பிய வரைபடம் மிகத் தெளிவாக இருப்பதால் நேரில் பார்க்கத் தேவை எழவில்லை என்றார்கள். நேரில் போனார், சம்பந்தப்பட்டவர் விடுமுறையில் இருந்தார். மறுபடி போனார், கோப்பு வேறு பிரிவுக்குப் போயிருந்தது. மேவிஸ் ஒவ்வொரு முறையும் என்ன ஆயிற்று என்று கேட்டாள். டிசம்பருக்கு மேல் கேட்கவில்லை.

1989 பிப்ரவரியில் இயந்திரம் வந்தது. ஓட்டியவன் பூர்மன்தான். கிளிஃபர்ட் பள்ளத்தின் இந்தப் பக்கம் நின்று நிறுத்தச் சொன்னார்.

"உங்க படத்தைத்தான் கையில குடுத்திருக்காங்க சார்," என்றான் பூர்மன், அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் போனா இன்னொருத்தன் வருவான். அவன் இதுல இல்லாததையும் சேத்து அறுப்பான்."

மூன்று நாள் சத்தம் கேட்டது. படுக்கையறை ஜன்னல் வடக்கே பார்த்தது. சாத்தட்டுமா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம், இருக்கட்டும் என்றாள் மேவிஸ்.

அந்த மே மாதம் இரண்டாவது ஞாயிறு அவர் நாற்காலியைத் துடைத்து வாசலில் வைத்தார். சாண்ட்விச்சும் செய்திருந்தார். அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "எங்க போறதுக்கு?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாததுபோலக் கேட்டாள். சாண்ட்விச்சை இருவரும் படுக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் பாதியை வைத்துவிட்டாள்.

ஜூலை 11 காலை மேவிஸ் இறந்தாள். அடக்கத்துக்கு மிஸ் கோல்டப் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரிடமும் பேசாமல் போனாள். கிளிஃபர்ட் ஊர்க் குழுவிலிருந்து விலகினார். அந்த வருடம் சுத்தமான ஊருக்கான போட்டியில் பிராட்ஹாம் மூன்றாவது முறையாக ஜெயித்தது. வெற்றிப் பலகையை ஊர் எல்லையில் நட வேறு யாரோ போனார்கள்.

கிளிஃபர்டின் வேண்டுகோளை ஏற்று, மிஸ் கோல்டப்பின் நிலத்திலுள்ள முப்பத்தேழு மரங்கள் மீதான புகாரை நீக்கிவிட்டதாகவும், அவற்றை அப்படியே விட்டுவைக்கத் தடையில்லை என்றும் தெரிவித்த அலுவலகக் கடிதம் 1989 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை வந்தது.